வெள்ளிக்கிழமை நிரப்பிய காற்று

என் கணவர் தண்ணீருக்கு அடியில் இழுக்கும் மூச்சை நான்தான் வீட்டில் தயார் செய்து கொடுக்கிறேன். மற்ற பெண்கள் வேலைக்குப் போகிறவருக்குச் சோறு கட்டிக் கொடுப்பார்கள். நான் சோற்றையும் கட்டிவிட்டு, காற்றையும் கட்டிக் கொடுக்கிறேன். சோற்றில் உப்பு கூடினால் திட்டு வாங்கலாம். காற்றில் ஏதாவது கூடினால், திட்டுவதற்கு ஆள் மேலே வரமாட்டார். இந்த நினைப்பு எப்போதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதால் தெருவில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். இருக்கட்டும்.

அவர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பக்கம் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவர். ஒப்பந்தக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு போனதும் உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டோம். இருக்கிற நிலத்தில் நெல்லைப் போட்டுக்கொண்டு சும்மா கிடப்பார் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் கிணறுகளுக்கும் பஞ்சமில்லை, கிணற்றில் விழும் சாமான்களுக்கும் பஞ்சமில்லை. கயிறு அறுந்து மோட்டார் விழும், சங்கிலி விழும், செல்போன் விழும். ஒருமுறை ஒரு புது மாப்பிள்ளையின் பைக் விழுந்தது. மாப்பிள்ளை விழவில்லை, மாமனார் வீட்டுக்கு அதுதான் வருத்தம் என்று பேசிக்கொண்டார்கள். மூச்சடக்கி முங்குகிற ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆழக் கிணற்றின் அடியில் போய் உட்கார்ந்து, நிதானமாக மோட்டாருக்குச் சங்கிலி மாட்ட இவர் ஒருவரால்தான் முடியும். முதுகில் சிலிண்டர் இருக்கிறதே.

அந்தச் சிலிண்டரில் காற்றுப் பிடிக்க ஆரம்பத்தில் சென்னைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். "வெறும் காத்துண்ணா" என்று நான் கெஞ்சினால், "காத்துக்கு எதுக்கும்மா இம்மாம் பெரிய சிலிண்டரு?" என்று கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். வேனில் போனால் சம்பாதிப்பதெல்லாம் டீசலுக்கே சரியாகிவிடும். கடைசியில் வீட்டிலேயே ஒரு கம்ப்ரசர் வாங்கிப் போடுவது, கூடவே வாடகைச் சிலிண்டரை விட்டுவிட்டுச் சொந்தமாக இரண்டு வாங்குவது என்று முடிவாயிற்று.

சிலிண்டர் வாங்கப் போனபோது மாமியாரும் கிளம்பினார். எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் வாங்க அவர் இல்லாமல் யாரும் போனது கிடையாது, மூடி போட்டது எல்லாமே அவர் கணக்கில் பாத்திரம்தான். துறைமுகத்துப் பக்கம் பழைய முங்கு சாமான்கள் விற்கும் ஒரு கிடங்கு. உள்ளே சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. என் கணவர் ஒவ்வொன்றின் கழுத்தையும் துடைத்து, அதில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். மாமியார் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி.

ஓரத்தில் இருந்த ஒன்று கணீரென்றது. மாமியார் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

"நைனா, இத்த எடு. சத்தத்தக் கேளு, கோயில் மணி மேரி கீது."

கடைக்காரர் வால்வைக் கழற்றி, ஒயரில் ஒரு குட்டி பல்பைக் கட்டி உள்ளே விட்டுக் காட்டினார். உள்ளே முழுக்கத் துரு. செக்கச் செவேலென்று செதில் செதிலாக உரிந்து கிடந்தது. அதை வைத்து முங்கினால் நெஞ்சுக்குள் இரும்புத் தூள்தான் போகும் என்றார்.

"புளி போட்டுத் தேச்சா போவுது" என்றார் மாமியார்.

"கையி உள்ள போவாதும்மா" என்றார் மகன்.

அவர் தன் கையையும் சிலிண்டரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் அதை விட்டார். இன்றைக்கும் அந்தச் சிலிண்டரைப் பற்றிப் பேச்சு வந்தால், நல்ல சாமானை விட்டுவிட்டு வந்தோம் என்று பெருமூச்சு விடுவார்.

அலுமினியமா ஸ்டீலா என்பது அடுத்த பஞ்சாயத்து. அலுமினியம் எனக்குப் பிடித்திருந்தது, பளபளவென்று இருந்தது. என் கணவர் வேண்டாம் என்றார். காற்று குறையக் குறைய அலுமினியச் சிலிண்டர் மேலே மிதக்கப் பார்க்குமாம், ஆளையும் சேர்த்துத் தூக்குமாம். கிணற்றின் அடியில் கை இரண்டும் மோட்டாரில் இருக்கும்போது முதுகு ஒரு பக்கம் இழுத்தால் வேலை நடக்காது. ஸ்டீல் கடைசி வரை அடங்கி உட்கார்ந்திருக்கும். சரி, ஸ்டீல் என்று முடிவான நேரத்தில் மாமியார் குறுக்கே கையை நீட்டினார்.

"இன்னிக்கி சனிக்கெயம. இரும்பு வாங்கக் கூடாது."

"இது இரும்பு இல்லம்மா, ஸ்டீலு."

"எவர்சில்வரா?"

"அந்த மேரிதான்."

"எவர்சில்வர்னா தாவல. ஆனா கறுப்பு வாணாம், மஞ்சளா எடு."

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு இரண்டு மஞ்சள் சிலிண்டர்கள் வந்து சேர்ந்தன. தேதி நன்றாக இருந்தது, உள்ளே சுத்தமாக இருந்தது, வெளியே மங்களகரமாக இருந்தது. மூன்று பேருக்கும் திருப்தி.

கம்ப்ரசரை மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தில் சிமென்ட் பூசி வைத்தோம். அது வந்த வாரம் ஊரே வந்து பார்த்தது. ஒருவர் டிராக்டர் டயரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். இது பிடிக்கும் பிரஷருக்கு டயர் மட்டுமல்ல, டயரைப் பிடித்திருக்கும் ஆளும் ஏரிக்கரையில்தான் போய் விழுவார் என்று சொல்லி அனுப்பினேன். இன்னொருவர் தன் அப்பாவுக்கு மூச்சுத் திணறல், கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும் என்று வந்தார். அண்ணே, இது ஆக்சிஜன் இல்லை, நீங்களும் நானும் இழுக்கிற அதே காற்றுதான், அதை அழுத்தி அடைக்கிறோம், அவ்வளவுதான் என்றேன். "வெறும் காத்தா?" என்று அவர் கம்ப்ரசரைப் பார்த்த பார்வையில் என்னை ஏமாற்றுக்காரி என்றே முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

வெறும் காற்றுதான். ஆனால் அதைப் போல் பேஜார் பிடித்த சரக்கு வேறு கிடையாது. கம்ப்ரசர் காற்றை இழுக்கும் குழாயை மொட்டை மாடி வரைக்கும் ஏற்றிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே வாயை வைத்திருக்கிறோம். அந்த வாய்க்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சிலிண்டருக்குள் போகும், பிறகு என் கணவர் நெஞ்சுக்குள் போகும். நடுவில் ஒரு கரி ஃபில்டர் இருக்கிறது. அது எண்ணெய் வாடை, அடுப்பு வாடை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். புகையில் இருக்கும் நஞ்சை மட்டும் அதற்குப் பிடிக்கத் தெரியாது. கார்பன் மோனாக்சைடு என்று அதற்குப் பெயர், நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரையில் தலைவலி தரும் அளவுக்கு இருந்தால், ஆழத்தில் அது ஆளைச் சாய்த்துவிடும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் என் கணவர். சொல்லி முடித்ததும் கொல்லைப்பக்கம் போய் ஒரு பீடியைப் பற்றவைத்தார். நான் அவருடைய காற்றுக்குக் காவல் இருக்கும் லட்சணம் இது.

ஆகவே தெருவில் யார் வீட்டில் எப்போது புகை கிளம்பும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டில் விடிந்ததும் விறகடுப்பில் வெந்நீர். அதற்கு அடுத்த வீட்டில் கருவாடு வறுப்பது பெரும்பாலும் புதன்கிழமை. கோடி வீட்டுக்காரர் குப்பையைக் கொளுத்துகிற நேரம் அவர் மனைவியோடு சண்டை போட்ட நேரம், அதனால் அந்த வீட்டுச் சண்டையையும் காது கொடுத்துக் கேட்டுத் தொலைக்க வேண்டும். இதற்கெல்லாம் முந்தி, விடியற்காலையில் காற்று ஏரிப் பக்கமிருந்து வரும்போது நான் கம்ப்ரசரைப் போடுவேன். நிரப்பி முடித்ததும் வால்வின் வாயில் கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன். டேப் இருந்தால் நிறைந்தது, இல்லையென்றால் காலி. எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

மாமியார் இதையெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு மிஷினைப் பற்றிப் புகார் எதுவும் இல்லை. காலிச் சிலிண்டர்தான் அவரை உறுத்தியது. வெள்ளிக்கிழமை வீட்டில் எந்தப் பாத்திரமும் வெறுமனே இருக்கக் கூடாது. அரிசி டிரம்மில் அரிசி தளும்ப இருக்க வேண்டும், உப்பு ஜாடியில் உப்பு, குடத்தில் தண்ணீர். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பார்.

"நாளைக்கி வெள்ளிக்கெயம. ரெண்டும் வெறுமனே கீது."

"சுத்தமா காலி இல்ல அத்தை. ஈரம் உள்ள போவக் கூடாதுன்னு கொஞ்சம் காத்த மிச்சம் வுட்டுத்தான் கொண்டாறாரு."

"கொஞ்சம்னா எத்தினி? டிரம்மு அடியில ஒட்டிக்கினு கீற அரிசி மேரியா?"

எனக்குச் சிரிப்பு வரும். முடிந்தபோதெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பியும் வைப்பேன், அவருக்காக. அந்த ஒரு வாரம் நிரப்பவில்லை. கரி ஃபில்டரின் ஆயுசு முடிந்திருந்தது, புதிது காஞ்சிபுரத்துக்கு பார்சலில் வந்திருந்தது. அதைப் போட்ட பிறகுதான் கம்ப்ரசரைத் தொடுவது என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிப் போய், பார்சலை வாங்கிக்கொண்டு, போனதுதான் போனோம் என்று ஒரு ஜாக்கெட் துணியும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால் இரண்டு சிலிண்டரிலும் டேப் ஒட்டியிருந்தது. கூடவே குங்குமப் பொட்டும் இருந்தது. பொட்டு ஆச்சரியமில்லை, வெள்ளிக்கிழமை என்றால் மாமியார் ஃப்ரிட்ஜுக்கே பொட்டு வைப்பார். சரி, நான் இல்லாத நேரத்தில் இவர் நிரப்பியிருக்கிறார், பழைய ஃபில்டரிலேயே நிரப்பியிருக்கிறார், அதற்கு நாளைக்குத் தனியாகத் திட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவரோ வயலிலிருந்து இருட்டிய பிறகு வந்து, டேப்பைப் பார்த்துவிட்டு, நான் நிரப்பியிருக்கிறேன் என்று நினைத்தார். இருவரும் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

சனிக்கிழமை விடிந்ததும் போன். காஞ்சிபுரம் போகும் பக்கம் ஒரு ஊரில் விவசாயி ஒருவருக்கு நெல் கதிர் வருகிற நேரத்தில் மோட்டார் கிணற்றில் விழுந்துவிட்டது. பால்காரர் கேன் கட்டுவது போல் பைக்கின் இரண்டு பக்கமும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இவர் கிளம்பினார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமியார் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தார். முகத்தில் ஒரு பெருமை. நான் கேட்பேன் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, அவரே ஆரம்பித்தார்.

"அந்த மிஷினு இன்னா சமத்து தெரியுமா? நேத்து சாம்பிராணி காட்டுனேன். பொகைய அப்படியே உள்ள இஸ்துக்கிச்சு. ஒரு துளி வெளிய வுடல. சாமி ஏத்துக்கினா மேரி."

தோசைக் கரண்டி என் கையில் நின்றது.

"எங்க காட்டுனீங்க அத்தை?"

"மாடில. அந்தப் பைப்பு வாயாண்ட."

"மிஷின் ஓடும்போதா?"

"ஓடாங்காட்டி எப்படிம்மா இஸ்துக்கும்?" என்றார், இது கூடத் தெரியாதா என்பது போல. "வெள்ளிக்கெயமையும் அதுவுமா ரெண்டும் வெறுமனே கெடந்துது. நீயும் இல்ல. நான்தான் ரொப்புனேன். நீ பண்றத்த எத்தினி நாளா பாத்துக்கினு கீறேன்? கொயாய மாட்டுனேன், திருவுனேன், சுவிச்சப் போட்டேன். ரொம்புனதும் அதுவே நின்னுடுச்சி. டேப்பு கூட ஒட்டிட்டேன். ரெண்டுக்கும் முழுசா சாம்பிராணி காட்டிக்கினு நின்னேன், கரி அணையாம வெசிறி வெசிறி."

அடுப்பை அணைத்தேனா என்பது கூட நினைவில்லை. என் கணவருக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போனால் போனை பைக் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவது அவர் வழக்கம், ஏற்கெனவே ஒன்றைக் கிணற்றுக்குக் கொடுத்தவர். அந்த விவசாயியின் நம்பர் எனக்குத் தெரியாது. ஊரும் கிணறும் மட்டும் தெரியும். ஸ்கூட்டியை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் மாமியார் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார், சாப்பிட்ட கையோடு.

"எறங்குங்க அத்தை."

"எம்புள்ளைக்கி இன்னாமோ ஆச்சின்னு உன் மூஞ்சி சொல்லுது. நான் எறங்க மாட்டேன்."

இறக்கிவிட நேரமில்லை. டீக்கடை முனையில் ஒருவர், "மாமியாரும் மருமவளும் ஜோடியா எங்க, சினிமாவுக்கா?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஏரிக்கரையில் ஒரு ஆட்டுக் கூட்டம். ஆடுகளுக்கு என் ஹாரனும் புரியவில்லை, அவசரமும் புரியவில்லை. மாமியார் பின்னாலிருந்து அவற்றை அம்மா அப்பா சொல்லித் திட்டினார். அதற்குக் கொஞ்சம் வழிவிட்டன.

ஓட்டிக்கொண்டே, தலையைத் திருப்பித் திருப்பிக் கத்தி, அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஏறவே இல்லை.

"சாமிக்கு காட்டுற பொக எப்படிம்மா வெஷமாவும்?"

"சாம்பிராணிக்கு அடியில இன்னா கீது அத்தை?"

"கரி."

"ரூம மூடிக்கினு கரி அடுப்பு வெச்சித் தூங்குனா இன்னா ஆவும்?"

அது மட்டும் அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். என் தோளில் இருந்த அவர் கை இறுகியது. போய்ச் சேரும் வரை அவர் அதைத் தளர்த்தவில்லை. தோள் வலித்தது. நானும் கையை எடுக்கச் சொல்லவில்லை.

கிணற்றைச் சுற்றி ஆட்கள். என் கணவர் மேலே இல்லை. தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

"இப்பதாம்மா எறங்குனாரு" என்றார் விவசாயி. "மோட்டாரு கெடைச்சிடுச்சின்னு சிக்னல் குத்துட்டாரு. கட்டிக்கினு கீறாரு."

அவர் இடுப்பிலிருந்து வரும் கயிற்றை நான் பிடுங்கிக்கொண்டேன். எங்களுக்குள் கயிற்றுப் பேச்சு ஒன்று உண்டு. ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு இழுப்பு என்றால் மேலே வா. நான் இரண்டு இழுத்தேன். கீழேயிருந்து ஒன்று வந்தது. மறுபடி இரண்டு இழுத்தேன். மறுபடி ஒன்று. வீட்டில்தான் என் பேச்சைக் கேட்பதில்லை என்றால், கிணற்றின் அடியிலிருந்தும் எதிர்த்துப் பேசுகிறார் மனிதர். நான் அழுதுகொண்டே இரண்டு இரண்டாக இழுத்துக்கொண்டிருந்தேன். குமிழி வருகிறதா என்று பார்ப்பேன், இழுப்பேன், மறுபடி பார்ப்பேன். என் வாழ்நாளில் அப்படிப் பயந்தது கிடையாது.

மாமியார் என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். கணக்கு, சிக்னல் எதுவும் கிடையாது. குடத்தை இழுப்பது போல் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார், விட்டார், இழுத்தார், "நைனா, மேல வாடா" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினார். இது நான் இழுக்கும் இழுப்பு இல்லை என்று கீழே இருந்தவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குமிழிகள் மெல்ல மெல்லப் பெரிதாகி, கடைசியில் தலை வந்தது.

"இன்னாமே, கட்டி முடிக்கிறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர் அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "யம்மா, நீ எங்க இங்க?"

படியேறி வந்து உட்கார்ந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டார். தலை கட்டிப் போட்டது மாதிரி வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அடியில சாம்பிராணி வாசன அடிக்கிதுமே. இந்தக் கெணத்துல கன்னிமாருங்க கீறாங்க. நான் கும்புட்டுக்கினேதான் முடிச்சிப் போட்டேன்."

விவசாயி சட்டென்று செருப்பைக் கழற்றினார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கழற்றினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் தாத்தா காலத்திலேயே இப்படிச் சொல்வார்கள் என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கிணறே வற்றியிருக்க வேண்டும்.

"கன்னிமாரும் இல்ல, ஒண்ணியும் இல்ல. உங்கம்மாதான்!" என்று கத்தினேன். நடந்ததைச் சொன்னேன். பழைய ஃபில்டராக இருந்ததால்தான் மணமாவது வந்தது. நேற்று நான் வாங்கி வந்த புது ஃபில்டரைப் போட்டிருந்தால் மணத்தையும் உறிஞ்சியிருக்கும், நஞ்சு மட்டும் அப்படியே உள்ளே இருந்திருக்கும். மணம் வந்தும் மேலே ஏறி வராமல் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு இது எந்த வகையில் உதவியிருக்கும் என்பது வேறு விஷயம்.

மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"செத்திருப்பானா?"

வழியெல்லாம் அவருக்காக நான் சேர்த்து வைத்திருந்த வசவு வாய்வரை இருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா மயக்கம் வந்திருக்கும் அத்தை. அடியில மயக்கம் வந்தா..." என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். பிறகு குனிந்து, மகன் கழற்றிப் போட்டிருந்த சிலிண்டரின் வாய்க்குழாயை எடுத்துத் தன் வாயில் வைத்து இழுத்தார். புஸ்ஸென்று காற்று போகும் சத்தம் கேட்டது. ஒரு நொடி யாருக்கும் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. நான் பாய்ந்து பிடுங்கினேன். அவர் விடவில்லை, பல்லால் கடித்துக்கொண்டு இன்னொரு மூச்சு இழுத்தார். இருமல் வந்த பிறகுதான் வாய் திறந்தது.

"வுடு. நான் ரொப்புனதுதான? எம்புள்ள குடிச்சத்த நானும் குடிக்கிறேன்."

வால்வை மூடினேன். அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. எதையும் செய்யவில்லை. வாயைத் துடைத்து, நிழலில் மகனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். சட்னி கை இன்னும் கழுவாமல் இருந்தது, அதையும் கழுவிவிட்டேன்.

இருவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் எங்கே புகையில் மாட்டினார்கள் என்று கேட்டார். கிணற்றுக்குள் என்றேன். கிணற்றுக்குள் என்ன புகை என்றார். சாம்பிராணி என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நோயாளி அவர்களா நானா என்பது போல் என்னைப் பார்த்தார். பிறகு இவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். மாமியாருக்கும் கொஞ்ச நேரம் வைத்தார்கள். சாயங்காலம் இருவரும் தெளிந்ததும் வீட்டுக்கு வந்தோம். அந்த மோட்டாரை, கட்டியிருந்த வரைக்கும் போதும் என்று ஊர்க்காரர்களே இழுத்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கிணற்றங்கரையில் இப்போது கல் நட்டு மஞ்சள் பூசியிருக்கிறார்களாம். நான் கத்திச் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

சிலிண்டர் இரண்டையும் வெட்டவெளியில் திறந்துவிட்டு, புது ஃபில்டர் போட்டு, காற்றில் அந்த நஞ்சு இருக்கிறதா என்று காட்டும் கையடக்க மீட்டர் ஒன்றும் வாங்கினோம். கம்ப்ரசர் சுவிட்சுக்குப் பூட்டு போட்டேன். சாவி என் தாலிச் சரட்டில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைக்காக வியாழக்கிழமையே நிரப்பி வைத்துவிடுகிறேன்.

ஆனால் மாமியார் மீட்டரை நம்பவில்லை. நான் நிரப்பி, மீட்டரை வைத்து, சைபர் என்று காட்டிய பிறகு அவர் வருவார். வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாய்க்குழாயைக் கடித்து இழுப்பார். கன்னம் இரண்டும் உப்பும். கண் மாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து "உம்" என்பார். அதற்குப் பிறகுதான் டேப். அந்த நஞ்சுக்கு மணமே கிடையாது, ஒரு மூச்சில் உடம்புக்கும் தெரியாது, நீங்கள் பார்ப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "தெரியும்" என்பார். மறுநாளும் வந்து உட்காருவார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன், அவரைப் போலவே கன்னத்தை உப்பிக் காட்டியிருக்கிறேன்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. ஏரி மதகு அடைத்துக்கொண்டது என்று காலையிலேயே இவரை அழைத்திருந்தார்கள். நான் சிலிண்டரை நிரப்பினேன். மீட்டரை வைத்தேன். சைபர். டேப்பைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டேன். வாசலில் இவர் பைக்கைக் கிளப்பி உறுமவிட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன் அத்தை. மீட்டரு சைபர் காட்டுது."

"மீட்டரக் கேக்கல."

டேப்பைச் சுவரில் ஒட்டிவிட்டு, வாய்க்குழாயை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து இழுத்தேன். ரப்பர் வாடை வந்தது. வேறு எந்த வாடையும் இல்லை. வாடை இல்லாததற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு முறை இழுத்தேன்.